ஃப்ளை ராட் க்ராஸ்பி: ஏரிக்குக் கூட்டத்தைக் கூட்டிவந்தவரே மீனுக்கு வரம்பும் கேட்டார்

கரையோரம் எழுதியது:

போன செப்டம்பரில் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரேஞ்ச்லி ஏரிகள் பக்கம் போயிருந்தேன். போனது மீன் பிடிக்கத்தான். முதல் நாள் மழை விடவே இல்லை, அதனால் ஒக்வாசக் என்ற ஊரில் இருக்கிற சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு பெண்ணின் பழைய படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். நெடுநெடுவென்று ஆறடி உயரம், கையில் மூங்கில் தூண்டில்கோல். பெயர் கொர்னீலியா க்ராஸ்பி, ஊரெல்லாம் கூப்பிட்டது 'ஃப்ளை ராட்' என்று. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், நம் மக்களில் தூண்டில் போடுகிற யாருக்கும் இவரைத் தெரியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1854-இல் மெய்னில் ஃபிலிப்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா காசநோயில் போய்விட்டார். வளர்ந்து ஊர் வங்கியில் வேலை பார்த்தார், ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, நாலு சுவருக்குள் அடைந்து கிடக்காமல் காட்டுக் காற்றில் இரு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஏரிக்கரை விடுதிகளில் வேலை பார்த்துக்கொண்டே அங்கிருந்த வழிகாட்டிகளிடம் தூண்டில் போடக் கற்றார். 1886-இல் ஒரு நண்பர் அவருக்கு எடையே தெரியாத ஒரு மூங்கில் கோலைப் பரிசாகக் கொடுத்தார். அப்புறம் மீன் பிடித்த கதையை உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். ஆசிரியருக்குப் பிடித்துப்போய் இன்னும் அனுப்பு என்று கேட்டு, 'ஃப்ளை ராட்' என்ற புனைபெயரில் போட்டார். அந்தப் பத்தி பெரிய ஊர்ப் பத்திரிகைகளுக்கும் போனது.

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இதில் மண்புழு கிடையாது, இறகும் நூலும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது என்பதால் தடித்த நூலின் எடையை வைத்துத்தான் வீச வேண்டும், கோலை முன்னும் பின்னும் ஆட்டுவது அதற்காக.

சரி, அவர் நன்றாக மீன் பிடித்தார் என்பதற்காக மட்டும் நான் இழை தொடங்கவில்லை. மெய்ன் ரயில் நிறுவனம் ஒன்று தன் பாதையில் பயணிகளைக் கூட்டுவதற்காக அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. 1890களின் நடுவில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வேட்டை, மீன்பிடிக் கண்காட்சி நடந்தபோது, இவர் அங்கே மரக்கட்டைகளால் ஒரு காட்டு வீடே கட்டிவைத்து, கணுக்காலுக்கு மேலே நிற்கும் பச்சைத் தோல் பாவாடையோடு போய் நின்றார். பெண்களின் பாவாடை தரையைக் கூட்டிக்கொண்டு போன காலம் அது. மெய்னுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வந்ததற்கு இவரும் ஒரு காரணம். அதே ஆள்தான், ஒரு நாளைக்கு இவ்வளவு மீன்தான் என்று வரம்பு வையுங்கள், வழிகாட்டிகளைப் பதிவு செய்யுங்கள், தேவையில்லாத மீனைத் தண்ணீரில் திருப்பி விடுங்கள் என்று எழுதியும் பேசியும் ஓயவில்லை. 1897-இல் மெய்ன் சட்டமன்றம் வழிகாட்டிகள் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் ஆண்டில் 1,316 பேர் பதிவு செய்தார்கள். முதல் உரிமம் க்ராஸ்பிக்கு.

பெண்களுக்கு அந்த நாட்டில் ஓட்டுரிமை நாடு முழுக்க வந்தது 1920-இல். அதற்கு 23 ஆண்டு முன்னாலேயே ஆண்களின் தொழில் என்று எல்லாரும் நினைத்த ஒன்றில் முதல் எண் இவருடையது. இதைப் பற்றி உங்கள் கருத்து கேட்க ஆசை.


வெள்ளிச்செதிள் எழுதியது:

அருமையான பதிவு. வழிகாட்டிப் பதிவு என்றால் என்ன, மீனைக் காப்பாற்றுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? எனக்கு அது சுற்றுலாக்காரர்களுக்கான சட்டம் மாதிரிதான் படுகிறது.


கரையோரம் எழுதியது:

நல்ல கேள்வி, இதைத்தான் நான் விரிவாக எழுதியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நகரத்திலிருந்து வருகிறவர் யாரும் தனியாகக் காட்டுக்குள் போக மாட்டார். படகு துடுப்பு போட, எந்தப் பாறை இடுக்கில் மீன் நிற்கும் என்று காட்ட, இரவில் அடுப்பு மூட்டிப் பொரித்துக் கொடுக்க ஒரு உள்ளூர் ஆள் வேண்டும். அப்படியானால் ஏரியில் இருந்து எவ்வளவு போகிறது என்று உண்மையில் தெரிந்த ஒரே ஆள் அந்த வழிகாட்டிதான். வாடிக்கையாளர் வரம்பை மீறினால் தடுக்கக்கூடியவரும் அவர்தான்.

1897 சட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. அரசிடம் பெயர் கொடுக்க வேண்டும், எத்தனை பேரைக் கூட்டிப்போனேன், எத்தனை நாள் என்று ஆணையர்கள் கேட்கும்போது படிவத்தில் எழுதித்தர வேண்டும், காட்டுத்தீ, மீன், விலங்கு பற்றித் தெரிந்ததையும் சொல்ல வேண்டும். அதாவது முதல் தடவையாக அந்த மாநிலத்துக்கு ஒரு கணக்கு கிடைத்தது. கணக்கு இல்லாத இடத்தில் எல்லாரும் 'ஏரியில் மீனா இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கடைசி மீன் போகிற நாள் வரைக்கும்.


மலைநதி எழுதியது:

கரையோரம், மனதார எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இதில் நெருடல் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இதே க்ராஸ்பி ஒரே நாளில் 200 ட்ரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் ஒரு மீன் வகை) பிடித்தார் என்றுதான் அவரைப் பற்றிய எல்லாக் குறிப்பும் பெருமையாகச் சொல்கிறது. மெய்னில் சட்டப்படி சுடப்பட்ட கடைசிக் கரிபூ மான் இவர் சுட்டதுதான் என்றும் சொல்வார்கள். 1899-இல் கரிபூ வேட்டையையே மாநிலம் மூடிவிட்டது, மூடியும் பயனில்லை, சில ஆண்டுகளில் அந்த மான் மெய்னை விட்டே போய்விட்டது. போதாததற்கு ரயில் நிறுவனச் சம்பளம் வேறு. 1891-இல் ரேஞ்ச்லி வரைக்கும் குறுகிய ரயில் பாதை போட்டுவிட்டார்கள், அதற்கு முன்னால் குதிரை வண்டியில் எத்தனை பேர் போயிருப்பார்கள், அதற்குப் பின்னால் எத்தனை பேர்? கூட்டத்தை அழைத்துவந்துவிட்டு அப்புறம் வரம்பு கேட்டதைத் தலைமை என்று சொல்லலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.


கரையோரம் எழுதியது:

நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. 200 கணக்கு எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று பாருங்கள், ரயில் வந்தது அவரால் இல்லை. மரம் வெட்டுகிறவர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் பாதை தேவைப்பட்டது, அவர் இல்லாவிட்டாலும் கூட்டம் வந்திருக்கும். வரப்போகிற கூட்டத்திடம் யார் பேசுவது என்பதுதான் கேள்வி. அந்தக் கூட்டம் வாரா வாரம் படித்தது இவருடைய பத்தியை. வரம்பு வேண்டும் என்று நகரத்து விஞ்ஞானி எழுதினால் வழிகாட்டிகள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், தங்களோடு படகில் உட்கார்ந்து மழையில் நனைந்த ஒருவர் சொன்னால் கேட்பார்கள். அந்த இடம் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

சரி, வரம்பு இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அதே ஏரியே காட்டிவிட்டது. ரேஞ்ச்லி ஏரிகளில் ப்ளூபேக் என்று ஒரு மீன் இருந்தது. ட்ரவுட்டின் உறவான 'ஆர்க்டிக் சார்' (Arctic char) என்ற மீன் வகை, முதுகு நீலம் பாய்ந்தாற்போல இருக்கும், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்டு முழுக்க ஆழத்தில் கிடக்கும், யார் கண்ணிலும் படாது, அக்டோபரில் மட்டும் முட்டையிட ஓடைகளுக்குக் கும்பல் கும்பலாக ஏறும். அப்போது ஊரே வலையும் கூடையுமாக இறங்கும், அள்ளி உப்புப் போட்டு மிடாக்களில் அடைத்துவைப்பார்கள், குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு. ரேஞ்ச்லியின் ப்ரூக் ட்ரவுட் அப்படிப் பெருத்து வளர்ந்ததற்கு இந்தச் சின்ன மீன்தான் இரை. விளையாட்டுக்காகப் பிடிக்க இன்னும் பெரிய மீன் வேண்டும் என்று 1870களில் வேறு ஏரியிலிருந்து சால்மன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த சால்மனுக்குத் தீனியாக 1890களில் ஸ்மெல்ட் என்ற இன்னொரு மீனையும் விட்டார்கள். ப்ளூபேக் வேகமாகக் குறைந்தது. கடைசி ஆண்டுகளில் அகப்பட்டவை வழக்கத்தைவிட எவ்வளவோ பெரிதாக இருந்தன. 1905 வாக்கில் ரேஞ்ச்லி ஏரிகளில் அந்த மீன் ஒன்றுகூட இல்லை. வடக்கே தள்ளி ஒரு சில மெய்ன் ஏரிகளில் மட்டும் அதன் சொந்தங்கள் இன்றைக்கும் பிழைத்துக் கிடக்கின்றன.

அறிவியல் பெயர் சூட்டி அந்த மீனை விவரித்தது 1854-இல், க்ராஸ்பி பிறந்த அதே ஆண்டு. மீன் அவருக்கு 50 வயதாகும்போது போய்விட்டது, அவர் 1946 வரைக்கும், 92 வயது வரைக்கும் இருந்தார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.


ஏரிக்காற்று எழுதியது:

இந்த இழையில் பெண்கள் யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் வருகிறேன். ஒன்டாரியோவில் இருக்கிறேன், ஒன்பது ஆண்டாக ஃப்ளை ஃபிஷிங் செய்கிறேன். தொடங்கின புதிதில் ஒரு கடைக்குப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பதற்கான உடுப்புக் கேட்டேன். கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்தில் நின்ற என் கணவரிடம் அளவு கேட்டார். அவருக்கு மீன் வாடையே ஆகாது. கடைசியில் ஆண்கள் அளவில் தொளதொளவென்று ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன், ஆற்றில் கால் இடறி அதற்குள் தண்ணீர் புகுந்து பயந்துபோனேன். ஆகவே கரையோரம் அந்தப் பாவாடையைப் பற்றி எழுதினது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நனைந்த துணி ஆற்றில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஆயிரம் பேர் பார்க்க நியூயார்க்கில் அந்தப் பாவாடையோடு நின்றவர், தண்ணீரில் இறங்கப் பெண்ணுக்கு என்ன உடை வேண்டும் என்று செய்து காட்டினார்.

க்ராஸ்பியோடு நிறுத்தாதீர்கள். அதே ரேஞ்ச்லி நீரோட்டத்தில் அப்பர் டாம் என்ற இடத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்று ஒரு பெண் இருந்தார், தொப்பி அலங்காரம் செய்வது தொழில், அதனால் இறகைக் கையாளத் தெரியும். முள்ளைப் பிடித்துவைக்கும் கருவி எதுவும் இல்லாமல் வெறும் கையால் போலி மீன்களைக் கட்டுவார். 1924 ஜூலை 1-ஆம் தேதி தான் கட்டின ஒன்றைத் தானே வீசி 6 பவுண்டு 13 அவுன்ஸ் ப்ரூக் ட்ரவுட் பிடித்தார், நாடு தழுவிய பத்திரிகைப் போட்டியில் அது இரண்டாம் பரிசு வாங்கியது. அவருடைய 'கிரே கோஸ்ட்' வகையை இன்றைக்கும் நாங்கள் கட்டுகிறோம், என் பெட்டியில் நாலு இருக்கிறது.

அப்புறம் ஜோன் வுல்ஃப். நியூ ஜெர்சியில் 1926-இல் பிறந்தவர், பத்து வயதில் அப்பாவின் கோலை எடுத்து வீசத் தொடங்கி, 1943 முதல் 1960 வரை 17 தேசியப் பட்டம். 1951-இல் தூர வீச்சுப் போட்டி ஒன்றில் எதிர்த்து நின்ற அத்தனை பேரும் ஆண்கள், வென்றது இவர். 1960-இல் 161 அடி வீசினார். ஆண்களின் தோள்பலத்துக்கு ஈடு கொடுக்க முடியாது என்று தெரிந்ததால் மணிக்கட்டும் முன்கையும் எந்த நொடியில் என்ன செய்கின்றன என்று கூர்ந்து பார்த்து, ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைத்தார். அதற்கு முன்னால் வீச்சைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் 'என்னைப் பார்த்துச் செய்' என்றுதான் சொல்வார்கள். 1979-இல் கணவர் லீ வுல்ஃபும் அவருமாக நியூயார்க் மாநிலத்தில் பீவர்கில் ஆற்றங்கரையில் பள்ளி தொடங்கினார்கள். பிடித்த மீனைத் திருப்பி விடு என்று 1930களிலேயே எழுதினவர் லீ. 1991-இல் அவர் விமான விபத்தில் போன பிறகும் ஜோன் பள்ளியை நிறுத்தவில்லை. வீசக் கற்றுக்கொண்டு போன ஒவ்வொருவரும் மீனைக் கையில் எப்படிப் பிடித்து எப்படி விட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கற்றுப் போனார்கள்.

ஆண்கள் சங்கத்தில் இடம் தரவில்லை என்பதால் 1932-இல் பெண்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு ஃப்ளை ஃபிஷிங் சங்கம் தொடங்கியதும் அதே நாட்டில்தான். மலைநதி, நீங்கள் தலைமை என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். கதவு திறக்காத இடத்தில் வேறு வழி கட்டி, அந்த வழியில் மற்றவர்களையும் கூட்டிப்போனவர்களை நான் அப்படித்தான் சொல்வேன்.


காவிரிக்கரை எழுதியது:

ப்ளூபேக் கதையைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் இதே கதை நம் காவிரியில் நடந்துகொண்டிருக்கிறது. காவிரியில் கூன்முதுகு மாசீர் என்று ஒரு கெண்டை இனம் உண்டு, 50 கிலோவுக்கு மேலும் வளரும், உலகத்தில் காவிரிப் படுகையைத் தவிர வேறு எங்கும் கிடையாது. 1946-இல் மைசூர்ப் பக்கம் கபினியில் 120 பவுண்டு மீன் தூண்டிலில் பிடிபட்டது. அப்புறம் கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோரே என்று ஆற்றங்கரை முகாம்கள் வந்தன, பிடித்து எடை பார்த்துவிட்டுத் திரும்ப விடவேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மீனையும் நோட்டில் எழுதிவைத்தார்கள்.

கரையோரம் கணக்கு என்று சொன்னாரே, அதுதான் இங்கே உதவியது. 1998 முதல் 2012 வரைக்குமான அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, மாசீர் மொத்தமாகக் கூடிக்கொண்டே போயிருக்கிறது, ஆனால் கூடினது எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மாசீர். சொந்த மண்ணின் கூன்முதுகு மாசீர் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விட்டதை எல்லாரும் பாதுகாப்பு என்றே நம்பினார்கள், அதுவே சொந்த மீனை நெருக்கிவிட்டது. மெய்னில் சால்மன் செய்ததும் இதுதான், இல்லையா?

இன்னொன்று. இவ்வளவு பெரிய மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018 வரை உறுதியாகவில்லை. காவிரிப் படுகையைச் சேர்ந்த கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரித்த 'டோர் ரெமாதேவிஐ' (Tor remadevii) என்ற மீனும் இதுவும் ஒன்றுதான் என்று அப்போது தெரியவந்தது. பெயர் கிடைத்த பிறகுதான் மிக அபாய நிலையில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. அந்தப் பெயர் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீன் வகைப்பாட்டு அறிஞர் கே. ரெமாதேவியைச் சிறப்பிக்க வைத்தது. ஒரு பெண் அறிஞரின் பெயரைத் தாங்கித்தான் காவிரியின் ஆகப் பெரிய மீன் இன்றைக்கு அந்தப் பட்டியலில் நிற்கிறது.


வெள்ளிச்செதிள் எழுதியது:

எனக்கு இது எதுவுமே தெரியாது. சேமித்துவைத்துக்கொண்டேன்.


மலைநதி எழுதியது:

ஏரிக்காற்று அக்கா, காவிரிக்கரை, இரண்டு பேரும் என்னை நிறைய யோசிக்க வைத்துவிட்டீர்கள். நான் கேட்டதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வழிகாட்டிகளிடம் படிவம் கேட்ட சட்டம் எனக்கு இப்போது வேறு மாதிரித் தெரிகிறது, அந்த நோட்டு இல்லாமல் காவிரியிலும் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

மீதிப் பாதியில் நிற்கிறேன். வரம்பு வைப்பது பிடிக்கிறவரின் கையைக் கட்டும், ஏரியில் எதைக் கொண்டுவந்து விடுகிறோம் என்பதைக் கட்டாது. ப்ளூபேக்கை அள்ளின வலையைத் தடுத்திருந்தாலும் சால்மனும் ஸ்மெல்ட்டும் உள்ளே இருந்தனவே. க்ராஸ்பி காலத்து ஆட்கள் எல்லாருமே மீன் கூடினால் நல்லதுதானே என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்க இன்னொரு நூறு ஆண்டு ஆனது, அதுதான் என் வருத்தம்.


கரையோரம் எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன் மலைநதி, முழுசாக. உங்களுக்கு ஒரு தகவல், 2005-இல்தான் மெய்ன் மாநிலம் ப்ரூக் ட்ரவுட்டை மாநிலத்தின் மரபு மீன் என்று சட்டம் போட்டது. வெளியிலிருந்து ஒருபோதும் குஞ்சு விடப்படாத ஏரிகளைப் பட்டியல் போட்டு, அங்கே இனி எந்த மீனையும் கொண்டுவந்து விடக்கூடாது, உயிருள்ள சின்ன மீனை இரையாகக்கூடப் பயன்படுத்தக்கூடாது என்று வைத்தார்கள். ஆர்க்டிக் சாரும் அந்தப் பட்டியலில் பிறகு சேர்ந்தது, அதாவது மிச்சமிருக்கிற ப்ளூபேக்கும். இரைப் பெட்டியிலிருந்து தப்பி ஓடுகிற நாலு மீன் போதும் ஒரு ஏரியைக் கெடுக்க, அதனால் அந்த இரை விதி எனக்கு ரொம்பப் பிடித்தது.


வெள்ளிச்செதிள் எழுதியது:

ஒரு நடைமுறைக் கேள்வி. அடுத்த மாதம் என் மகளை முதல் தடவையாக ஆற்றுக்குக் கூட்டிப்போகிறேன், பதினோரு வயது. பிடித்ததை விட்டுவிடுவோம் என்று அவளே சொல்லிவிட்டாள். மீனுக்கு ஒன்றும் ஆகாமல் எப்படி விடுவது? முள்ளை எடுக்கும்போது வாய் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


ஏரிக்காற்று எழுதியது:

கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செதிலைக் குறடால் மெதுவாக நசுக்கி மட்டமாக்கிவிடுங்கள். ஒரேயடியாக அழுத்தினால் முள் ஒடியும், இரண்டு மூன்று முறையாக அழுத்துங்கள். பஞ்சில் குத்திப் பாருங்கள், நூல் சிக்காமல் வெளியே வந்தால் சரி. அப்படிச் செய்த முள் மீன் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும், நூல் தளராமல் வைத்திருந்தால் மீனும் தப்பாது.

மீனைத் தொடுவதற்கு முன்னால் கையை ஆற்றில் நனைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் இருக்கும் வழவழப்பு அதற்குத் தோலுக்கு மேல் தோல், உலர்ந்த கை பட்டால் போய்விடும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் எல்லாரும் தயாரான பிறகு தூக்குங்கள், பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நீங்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள், அளவு தெரியும். விடும்போது தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்கட்டும், அதுவாக வாலை அடித்துக்கொண்டு போகும்வரை பிடியைத் தளர்த்தி வெறுமனே தாங்கிக்கொண்டிருந்தால் போதும்.

ட்ரவுட் இருக்கிற ஆறு என்றால் ஒரு வெப்பமானி எடுத்துப்போங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்குத் தூண்டில் போடாதீர்கள், அந்தச் சூட்டில் போராடிய மீன் கண்ணுக்கு நீந்திப் போனாலும் பின்னால் செத்துப்போகும். அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து கற்களைத் திருப்பிப் பார்க்கட்டும், அடியில் பூச்சிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், எந்த ஃப்ளை கட்டவேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன்.

மகளுக்கு உடுப்பு வாங்கும்போது அவள் அளவில் வாங்குங்கள். ஒரு சின்ன நோட்டும் வாங்கிக் கொடுங்கள், தேதி, தண்ணீர்ச் சூடு, என்ன மீன், எத்தனை என்று அவளே எழுதட்டும்.


வெள்ளிச்செதிள் எழுதியது:

நோட்டு வாங்கிவிட்டேன் அக்கா. முதல் பக்கத்தில் ஆற்றின் பெயரை இப்போதே எழுதிவைத்துவிட்டாள்.